‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ – எங்கள் வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் ஒரு சிறிய ஊரில், நூலகத்தை ஒட்டிய அறையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தபால் ஊழியர் ஒருவர், விசைப்படகில் தொழிலுக்குப் போய்வரும் இளைஞர் ஒருவர். நான் ஓர் அச்சகத்தில் 26 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடுங்கள் சார்’ என்று பிள்ளைகள்தான் யோசனை சொன்னார்கள்.

விமர்சன வாசிப்பு என்றால் எழுதியவரைக் குறை சொல்வதா?

‘விமர்சனம்’ என்ற சொல்லுக்குச் செய்தித்தாள்கள் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. ஓர் அரசியல்வாதி இன்னொருவரைத் திட்டினால் ‘கடுமையாக விமர்சித்தார்’ என்று போடுகிறார்கள். அதனால் விமர்சன நோக்கோடு படி என்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு இறங்கு என்று பொருள்கொள்கிறார்கள்.

நான் சொல்லும் வாசிப்பில் இருப்பது ஒரே கேள்வி: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியவர் எதிரில் இல்லை. தாளிடம்தான் கேட்க வேண்டும். தாள் பதில் சொன்னால் அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது. சொல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

இதற்கு நம் பக்கத்தில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம், அந்த நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’ எடுத்துரைக்கப்பட்டது என்கிறது. அரில் என்றால் சிக்கல், குற்றம். அது நீங்கும்படி என்று பொருள். இந்த இரண்டு சொல்லுக்கு உரை எழுதும்போது நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மேல் கோபமாக இருந்த அகத்தியர், ‘அவன் நூலைக் கேட்காதே’ என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிட்டாராம். தொல்காப்பியரோ கேட்டே ஆக வேண்டும் என்று பலமுறை வந்து நின்றாராம். இரண்டு பேரின் கோபத்துக்கும் ஆளாகாமல் தப்ப, ‘கேட்போம், குற்றம் சொல்லி விட்டுவிடுவோம்’ என்று ஆசான் முடிவு செய்தார். அவர் தொடுத்த கேள்விக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிட்டார்.

கதை நடந்ததோ இல்லையோ, எனக்கு அதில் பிடித்தது ஆசானின் நிலைமை. குற்றம் காணவே உட்கார்ந்த மனிதர், விடை வந்தபோது அதை விடை என்று ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்க நம்மில் எல்லோருக்கும் வரும். அந்த ஒப்புக்கொள்ளல்தான் வர மறுக்கிறது.

அந்த அதங்கோடு, விளவங்கோடு வட்டத்தில் இருக்கும் நம் அதங்கோடுதானா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் மேலே ‘நம் பக்கத்தில் சொல்லப்படும் கதை’ என்று மட்டும் எழுதினேன். பாயிரத்தில் இருப்பது ‘அதங்கோட்டு ஆசான்’ என்ற பெயர். அந்த ஊர் எந்த நாட்டில், எந்த ஆற்றங்கரையில் என்று பாயிரம் சொல்லவில்லை. களியக்காவிளை போகும் வழிக்கு அருகே அதே பெயரில் ஓர் ஊர் இருப்பது நல்ல தடயம். மாவட்டத்தில் பலரும் அதை உறுதி என்றே நம்புகிறோம். நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் பெயர் ஒத்துப்போவது தடயம் என்ற அளவில்தான் நிற்கும்.

பிரதியில் இருப்பது எது, அதற்கு மேல் நாம் கூட்டிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நடந்தது. இதைச் சொன்னதற்காக அந்த ஊர் நண்பர் ஒருவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் தேடி வந்து, ‘உறுதி இல்லை என்று சொல்கிறாயா, இல்லவே இல்லை என்று சொல்கிறாயா?’ என்று கேட்டார். அதைவிட நல்ல விமர்சனக் கேள்வி அந்த அறையில் அன்றுவரை எழுந்ததில்லை.

மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் நம்முடையது. நமக்கு வாசிக்கத் தெரியாதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். பெருமைப்படலாம். ஆனால் எண்ணைப் பார்த்ததும் அதன் பின்னால் போக வேண்டும். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. ‘புரிந்துகொண்டு’ என்ற சொல் வரையறையில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பதிவாவதோ பெரும்பாலும் வீட்டார் சொல்வதுதான்.

பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிப்பவரும் வழக்கறிஞரின் நோட்டீஸை வரிவரியாகப் பிரித்துப் படிப்பவரும் அந்தச் சதவீதத்தில் ஒன்றுதான். நாங்கள் கூடுவது இரண்டாமவராக ஆவதற்கு.

எந்தப் புத்தகத்தில் தொடங்க வேண்டும்?

புத்தகமே வேண்டாம். ஒரு பத்தி போதும். கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையின் தொடக்கத்தை ஒருநாள் கொண்டுவந்தாள். அவள் சம்மதத்தோடு தருகிறேன்:

‘இந்தியாவின் தென்கோடியில் அமைந்துள்ளது கன்னியாகுமரி. இங்கே மூன்று கடல்கள் சங்கமிக்கின்றன. கடல் நடுவே 133 அடி உயர வள்ளுவர் சிலை வானளாவ நிற்கிறது. ஐரோப்பியரை முறியடித்த முதல் ஆசிய மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல், இம்மாவட்டத்துக்கே பெருமை சேர்க்கிறது.’

நான்கு வாக்கியம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. மெய்ப்புத் திருத்துபவனாக இருந்த காலத்தில் நான் இதை ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

முதல் வாக்கியம். இந்தியாவின் தென்கோடி கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை. கன்னியாகுமரி, இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி. ஒரு சொல் குறைந்ததில் ஒரு தீவே காணாமல் போயிருக்கிறது.

இரண்டாவது. மூன்று கடல்கள். கடலில் எல்லைக்கல் கிடையாது. கோடு போட்டது மனிதர்கள். சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 1953இல் வெளியிட்ட எல்லை வரையறையை எடுத்தால், குமரிக்கு முன்னால் கிடப்பது இலட்சத்தீவுக் கடல். இதைச் சொன்னதும் அறையில் சலசலப்பு. ‘அப்படியானால் முக்கடல் பொய்யா?’ என்று ஆசிரியை கேட்டார். பொய் என்று நான் நினைக்கவில்லை. அது தீர்த்தமாட வந்தவர்களின் சொல், ஊரின் சொல். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் அணைக்கே முக்கடல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் வழிபாட்டின் சொல்லைப் புவியியலின் குரலில் சொல்லும்போதுதான் சிக்கல். ‘மூன்று கடல்கள் கூடுமிடமாக மக்கள் போற்றும்’ என்று எழுதிவிட்டால் வாக்கியம் உண்மையாகிவிடுகிறது. அழகும் குறையவில்லை.

மூன்றாவது. 133 அடி என்பது பீடத்தையும் சேர்த்து. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருட்பாலுக்கும் இன்பத்துப்பாலுக்குமாக. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி திறந்தார்கள். இங்கே மாணவி எழுதியது தவறில்லை. ஆனால் பிரித்துச் சொல்லியிருந்தால் அறத்தின்மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற சிற்பியின் எண்ணம் தானாக வெளிவந்திருக்கும். ‘வானளாவ’ என்ற சொல்லுக்கு வேலையே இருந்திருக்காது. உவமை தேடி ஓடுகிறவர்கள் பல நேரம் தகவலைத் தாண்டிக் குதித்துத்தான் ஓடுகிறார்கள்.

நான்காவதுதான் பெரிய வாக்கியம். குளச்சல் போர் நடந்தது 1741இல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. அதில் சந்தேகமில்லை. ‘முதல்’ என்ற சொல்மேல்தான் கைவைத்தோம். இந்தச் சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். ‘முதல்’ என்று எழுதுகிறவர் அதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார். 1662லேயே தைவானில் சீனத் தளபதி கொக்சிங்கா, இதே டச்சுக் கம்பெனியின் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுச் சரணடைய வைத்தார். குளச்சலுக்கு 79 ஆண்டுகளுக்கு முன்பு.

‘கொக்சிங்கா மன்னர் இல்லையே சார், மார்த்தாண்ட வர்மா மன்னர்’ என்று தேர்வுக்குப் படிக்கும் பையன் மடக்கினான். நல்ல மடக்கு. ஆனால் அந்த வழியில் போனால், ‘மன்னராக இருந்தவர்களில்’ என்று ஒரு வேலி, ‘இந்தியாவில்’ என்று இன்னொரு வேலி என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வேலிக்கும் தனித்தனியே சான்று வேண்டும். அதற்குள் மாணவி தானாகவே கேட்டாள்: ‘முதல் இல்லாவிட்டால் அந்தப் போர் சின்னதாகிவிடுமா?’

ஆகாது. தோற்ற பக்கத்தில் பிடிபட்ட டி லனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதி ஆனார். அவருடைய கல்லறை இன்றும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இந்த அறையிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு அவள் போய்ப் பார்த்துவிட்டே வந்தாள். கட்டுரை இப்போது கல்லறையிலிருந்து தொடங்குகிறது. வானளாவ எதுவும் நிற்கவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்குதானே? தமிழில் இப்படி ஏதாவது முறை உண்டா?

நன்னூலைப் பள்ளியில் சந்தி மனப்பாடம் செய்யும் நூலாகக் கொடுத்து நம்மை வெறுக்க வைத்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய அந்த நூலின் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. நான் அதை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை.

மாணவியின் முதல் வாக்கியம் குன்றக் கூறல். ‘வானளாவ’ மிகைபடக் கூறல். பார்த்தீர்களா, பெயர் கிடைத்ததும் குற்றம் கைக்குப் பிடிபடுகிறது. மற்றொன்று விரித்தல் என் சொந்த நோய். இந்தப் பக்கத்திலேயே நீங்கள் கவனித்திருப்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஆடிமாத ஆறுபோலப் பொங்கிக்கொண்டு தொடங்கி, கடைசிப் பக்கத்தில் ஓடையாகி மணலில் மறைந்துபோகும் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். இதைவிடக் கச்சிதமாக அதைச் சொல்ல எனக்குத் தெரிந்து வேறு சொல் இல்லை.

அதே நூல் மாணாக்கரை எட்டு வகையாகப் பிரிக்கிறது. கடைசி வகை நெய்யரி, அதாவது நெய் வடிகட்டும் அரிப்பு. உரைகாரர்கள் பன்னாடை என்பார்கள். நம் மாவட்டத்தில் பனையேறும் வீடுகளுக்கு விளக்கவே வேண்டாம்: அக்கானி (பதநீர்) கீழே இறங்கிவிடும், ஈயும் தூசும் பன்னாடையில் தங்கிவிடும். நல்லதைக் கீழே விட்டுக் கசடை மட்டும் பிடித்துக்கொள்ளும் வாசகருக்குப் பவணந்தி கொடுத்த பெயர் அது. குறை மட்டுமே தேடுகிறவர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

செய்தித்தாளை எப்படிப் படிப்பது?

கூட்டத்தில் பயிற்சிக்காக நானே கோத்த செய்தி இது. எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. எந்தப் பத்திரிகையிலும் வரக்கூடும்.

‘கடற்கரைத் திட்டம் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரிகளும் தொழிலதிபர்களும் பங்கேற்றனர். மீனவர்களும் வந்திருந்தனர். அப்போது சிலர் கூச்சலிட்டதாகக் கூறப்படுகிறது. கூட்டம் சுமுகமாக நிறைவடைந்தது.’

‘கூறப்படுகிறது’ என்பதை எல்லோரும் உடனே பிடித்தார்கள். யார் கூறினார்? செய்தியாளர் அங்கே இருந்தாரா? இருந்திருந்தால் காதால் கேட்டதை ஏன் கூறப்படுகிறது என்கிறார்? இல்லாவிட்டால் சுமுகமாக முடிந்தது மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? கூச்சலும் சுமுகமும் அடுத்தடுத்து வருவதை மாறுகொளக் கூறல் என்று ஒருவர் அட்டையைப் பார்த்துச் சொன்னார்.

விசைப்படகு இளைஞர் மட்டும் பேசாமல் இருந்தார். கேட்டபோது இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்தார். ‘கூட்டமே எங்கள் கருத்தைக் கேட்கத்தானே சார்? முதல் வாக்கியத்திலேயே எங்களையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். தனியாக ஒதுக்கி ஓர் “உம்” போட்டு வைத்திருக்கிறார்கள்.’

எனக்குச் சுருக்கென்றது. எழுதியவன் நான். அதிகாரிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் போட்டது எண்ணும்மை. அவர்கள் சமமாக நிற்கிறார்கள். மீனவர்களுக்குப் போட்ட உம்மையில் ‘இவர்களும்கூட’ என்ற தொனி ஏறிவிட்டது. அவர்கள் ‘பங்கேற்கவும்’ இல்லை, வெறுமனே ‘வந்திருந்தனர்’. யாரும் பொய் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. ஓர் இடைச்சொல்லும் ஒரு வினையும் சேர்ந்து ஆளை வாசலில் நிறுத்திவிட்டன.

தமிழில் எழுதுகிறவரின் மனம் பெரும்பாலும் இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. ‘கூட’, ‘தான்’, ‘மட்டும்’, ‘ஆம்’, ‘என்னவோ’. ‘பெண்கள்கூட நன்றாக எழுதுகிறார்கள்’ என்று பாராட்டு விழாவில் பேசுகிறவர், தான் பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைகளை நம்புவதா, விடுவதா?

2004 சுனாமியையும் 2017 ஒக்கி புயலையும் பார்த்த கடற்கரை இது. எச்சரிக்கையைக் கிண்டல் செய்யும் உரிமை நமக்கு இல்லை. அதனால்தான் கவனித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘நாளை கள்ளக்கடல், யாரும் கடலுக்குப் போக வேண்டாம்’ என்று வருகிறது. நாளை என்றால் எந்த நாளை? தேதி இல்லாத ‘நாளை’ ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். கள்ளக்கடல் என்பது எங்கோ தொலைவில், தெற்கே பெருங்கடலில் எழும் பேரலைகள் இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவது. அதற்கான எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தேதி, நேரம், அலையின் உயரம், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைவரை என்பதோடு வெளியிடுகிறது. இந்த நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அனுப்பியவரிடம் கேளுங்கள். கேட்டுத் தெளியும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், கடலுக்கும் போகாதீர்கள்.

இப்படிக் கொத்திக் கொத்திப் படித்தால் கதையையும் கவிதையையும் ரசிக்க முடியுமா?

முதல் தடவை அடித்துச் செல்லப்படுங்கள். கொத்துவதெல்லாம் இரண்டாம் தடவைக்கு. இரண்டாம் தடவை படிக்கத் தோன்றாத கவிதையைக் கொத்தவே வேண்டாம்.

இரண்டும் ஓர் ஆளுக்குள் இருக்க முடியுமா என்றால், தேரூர்க்காரர் ஒருவரைக் காட்டலாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை (1876–1954) நாம் பசுவையும் கன்றையும் பாடிய குழந்தைக் கவிஞராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று ஒரு தொடர் வருகிறது. கலம் என்பது கப்பலா, உண்கலமா? சாலை என்பது துறைமுகமா, உணவிடும் ஊட்டுப்புரையா? கப்பல் என்று கொண்டால் அது கடற்போர்; உண்கலம் என்று கொண்டால் அந்தப் போரே கரைந்துவிடுகிறது. ஒரு சொல்லில் ஒரு போர் தொங்குகிறது. கவிமணி இதை ஆராய்ந்து காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதினார். கன்றுக்குட்டி துள்ளுவதைப் பார்த்த அதே கண்தான் கல்லில் இருந்த சொல்லையும் பார்த்தது.

நான் ஒத்துப்போகும் கருத்தை எப்படிக் கேள்வி கேட்பது?

கடினமான இடம் இதுதான். எதிர்க்கட்சியின் துண்டறிக்கையில் ஓட்டை கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. என் அம்மா பள்ளியில் படித்தது மலையாளம். அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது ‘பிரிந்தபோது’ என்பார். அப்பா ‘சேர்ந்தபோது’ என்பார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே நாள்; வினைச்சொல் மட்டும் இரண்டு. அப்பாவின் சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அம்மாவின் சொல் ஒரு கருத்தாகத் தெரிந்தது. அப்பாவின் சொல்லும் ஒரு கருத்துதான் என்று புரிய நாற்பது வயதாயிற்று. இன்றும் நான் ‘சேர்ந்தது’ என்றுதான் எழுதுவேன். ஆனால் தெரிந்து எழுதுகிறேன்.

நீங்கள் தலையாட்டிக்கொண்டே படிக்கும் கட்டுரை ஏதாவது இருந்தால், அதில் உள்ள ஊர், சாதி, மதம், கட்சிப் பெயர்களை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் பெயர்களைப் போட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் தலையாட்டம் நிற்கிறதோ, அங்கே ஒரு கோடு.

பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால் மரியாதை இல்லை என்கிறார்களே?

‘சும்மா சொல்லாதீர்கள் மாமா’ என்று கேட்டால் அடிதான் விழும். ‘மாமா, இது எதில் போட்டிருக்கிறது? நானும் படிக்க வேண்டும்’ என்று கேளுங்கள். பாதிப் பேர் உற்சாகமாகத் தேடித் தருவார்கள். மீதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டுமே பதில்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் கேட்க வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லாம் சரி, இது என் எழுத்துக்கு எப்படி உதவும்?

ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். பள்ளி எது, மலர் எது என்பது வேண்டாம். 140 பக்கம். ஒற்று மிகும் இடம், மிகா இடம், ஒருமை பன்மை எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்தேன். மலர் வந்த மறுநாள், அங்கே படித்த மூதாட்டி ஒருவர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். ‘நான்காம் பக்கத்தில் பள்ளி தொடங்கியது 1921 என்று இருக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் 1912. நீங்கள் கொண்டாடுவது எந்த நூற்றாண்டு, தம்பி?’

இரண்டு பக்கத்தையும் நான் மூன்று முறை படித்திருந்தேன். எழுத்தைப் பார்த்தேன், வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. பிறகு யோசித்தபோது இன்னொன்று புரிந்தது: என் சொந்த எழுத்தையும் நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவன் தாளைப் படிப்பதில்லை. தன் மனத்தில் இருப்பதைப் படிக்கிறான். தாளில் விட்டுப்போனதை மனம் நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

மற்றவர் எழுத்தில் கோடு போட்டுப் பழகியவருக்கு, நாளாவட்டத்தில் தன் எழுத்தையும் அடுத்த வீட்டுக்காரர் எழுத்துப்போலப் பார்க்கும் கண் கிடைக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன். எழுதியதை நான்கு நாள் அலமாரியில் போட்டுவிடுவேன். எடுத்ததும் வாய்விட்டுப் படிப்பேன்; மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். பிறகு ஒவ்வொரு பெயரடையையும் விரலால் மூடிப் பார்ப்பேன். மூடினாலும் ஒன்றும் குறையவில்லை என்றால் அடித்துவிடுவேன். கடைசியாக, எனக்குப் பிடிக்காத ஆனால் நியாயமான ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல ஒருமுறை படிப்பேன். அந்த நாற்காலியில் இப்போதெல்லாம் அந்த மூதாட்டிதான் உட்கார்ந்திருக்கிறார். ‘இது உனக்கு எப்படித் தெரியும், தம்பி?’

செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடுகிறதே?

கொடுக்கிறது, வழுவழுப்பாகவும் கொடுக்கிறது. வழுவழுப்பான வாக்கியத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘முதல் ஆசிய மன்னர்’ போன்ற ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. எழுதும் வேலை குறைந்தால் படிக்கும் வேலை கூடும்.

ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்க வேண்டும்?

ஒரு பக்கம். இரண்டு தடவை.

நூலகப் புத்தகத்தில் கோடு போடலாமா?

கூடவே கூடாது. பழைய காலண்டர் தாளை நீளவாக்கில் கிழித்து உள்ளே வையுங்கள். பக்க எண்ணும் கேள்வியும் அதில். எனக்கு முன்னால் படித்த யாரோ ஒருவர் விட்டுச்சென்ற அப்படி ஒரு தாளில் ‘பக். 63 – இவர் அங்கே போயிருக்கிறாரா?’ என்று மட்டும் இருந்தது. நானும் 63ஆம் பக்கத்தைப் புரட்டினேன். போகவில்லை என்றுதான் தோன்றியது.

கூட்டத்துக்கு வர என்ன தேவை?

நீங்கள் எழுதிய ஒரு பத்தி. அதில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. ஒரு பென்சில். பத்திகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம். உங்கள் பத்தி உங்கள் கைக்கே வந்தாலும் வாய் திறக்காமல் அடுத்தவருடையதைப்போலக் கோடு போட வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். தேநீருக்கும் பழம்பொரிக்கும் கடைசியாக வருகிறவர் காசு கொடுப்பது வழக்கம்.